உரித்து உண்டு, அறிவித்தல் எங்கே?

(கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் வடிவம்)



கொலையுண்டவன் பேசுவதில்லை. கொன்றவன் பேசுகின்றான், எழுதுகின்றான், அவன் கதைக்கு விலை பேசவும் ஆட்கள் வருகின்றனர். அப்பணத்தில் மாண்டவனின் குடும்பத்துக்கு உரித்துண்டா? உண்டெனின், பணம் வந்த செய்தியை அக்குடும்பத்துக்கு அறிவிக்கும் கடமை யாருடையது? இவ்வினாக்களையே இன்று ஆராய விழைகின்றோம்.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரை 1976ஆம், 1977ஆம் ஆண்டுகளில் ஒரு கொலையாளி கதிகலங்கச் செய்தான். ஆறு உயிர்கள் பறிபோயின. "சாமின் மகன்" எனத் தன்னைக் கூறிக்கொண்ட டேவிட் பேர்க்கோவிற்ஸ் 1977 ஓகஸ்டில் கைதானான். அவன் தன் கதையை விற்றுத் தனவந்தனாகிவிடுவான் என்ற அச்சம் எழுந்தது. அவ்வாண்டிலேயே நியூயோர்க் மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. குற்றவாளிக்கு அவன் கதைக்காகக் கொடுக்க இருக்கும் பணத்தை, பாதிக்கப்பட்டோருக்கான அரச சபையிடம் ஒப்படைக்க வேண்டும். சபை அதனை ஐந்தாண்டு காத்து வைக்கும். பாதிக்கப்பட்டோர் அதற்குள் வழக்காடித் தீர்ப்புப் பெற்றால் அதிலிருந்து நட்டஈடு பெறலாம். இச்சட்டம் பேர்க்கோவிற்ஸ் மீது பிரயோகிக்கப்படவே இல்லை என்பது விந்தை!

பின்னர் ஹென்றி ஹில் என்னும் கொள்ளைக் கூட்டத்தவனின் வரலாற்றை நிக்கலஸ் பிலெஜ்ஜி நூலாக்கினார். சைமன் அன்ட் சூஸ்டர் பதிப்பகம் அதனை 1986இல் வெளியிட்டது. ஹில்லின் முகவருக்குப் பதிப்பகம் 96,250 டொலர் கொடுத்திருந்தது. சபை குறுக்கிட்டது, பதிப்பகம் நீதிமன்றம் ஏறியது. 1991 டிசம்பரில் அமெரிக்க உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு கிடைப்பது நியாயமே. ஆயின் எழுத்தால் வரும் பணத்தை மட்டும் தனியே பிரித்துப் பறிப்பது பேச்சுரிமைக்கு முரண் என்றார் நீதியரசர் சான்ட்ரா டே ஓகொன்னர். இளமையில் பேரிக்காய் திருடியதை எழுதிய புனித அகுஸ்தீனாரின் நூலும், மல்கம் எக்ஸின் சுயசரிதையும் இவ்வலையில் சிக்குமே என்றும் எடுத்துக்காட்டினார்.

இத்தீர்ப்பை நாம் குறை கூறோம். எழுத்துக்கு விலங்கு பூட்டும் அதிகாரம் இன்று கொள்ளையன்மீது பாயும். நாளை அரசை எதிர்த்துச் சிறை சென்றவன்மீதும் பாயும். ஆனால் அந்தக் குடும்பத்தின் கண்ணீருக்கு விடை என்ன?

விடை 2001இல் வந்தது. நியூயோர்க் தன் சட்டத்தைத் திருத்தியது. சட்டம் குறித்துரைத்த குற்றங்களைப் புரிந்து தண்டனை பெற்றவனுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேற்பட்ட பணத்தைக் கொடுப்பவர் அதனை எழுத்தில் சபைக்கு அறிவிக்க வேண்டும். அது நூலால் வந்ததா, முதுசமாக வந்ததா என்ற பேதம் இல்லை; உழைப்பால் வந்த ஊதியம் போன்ற சிலவற்றுக்கே விலக்கு. சபை, பாதிக்கப்பட்டோரின் கடைசியாக அறியப்பட்ட முகவரிக்கு அறிவித்தல் அனுப்ப வேண்டும். பணம் வந்ததை அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் அவர்கள் வழக்கிடலாம். பணம் மறைந்துவிடாதபடி தடுத்து வைக்குமாறு சபை நீதிமன்றத்தைக் கோரலாம்.

அன்பர்களே, பழைய சட்டத்திலும் அறிவித்தல் இருந்தது. ஆறு மாதத்துக்கொரு தடவை பத்திரிகையில் விளம்பரம் செய்தால் போதும் என்றிருந்தது. துயரத்தால் ஊரை விட்டே போன தாய் அந்த மூலை விளம்பரத்தைக் கண்டிருப்பாளா? விளம்பரம் ஊருக்கு, கடிதம் உரியவருக்கு. இவ்விரண்டுக்கும் உள்ள தூரமே நீதிக்கும் சடங்குக்கும் உள்ள தூரம்.

இதன் அருமை நமக்குப் புதிதன்று. தேசவழமைக்குட்பட்ட பங்குக் காணியை அந்நியருக்கு விற்கப் புகுபவன் முதலில் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும் என்பதைக் கமக்காரர் அறிவர்; சட்டத்தரணிகளும் அறிவர். அறிவித்தல் இல்லையேல் பங்காளியின் உரித்து ஏட்டுச் சுரைக்காய். ஒரு பரப்புக் காணிக்கு நாம் காட்டும் நியாயத்தை, ஓர் உயிரை இழந்த வீட்டுக்குக் காட்ட வேண்டாமா?

ஆறிய புண்ணை அக்கடிதம் கீறாதா என்று கேட்போர் உளர். கீறலாம். ஆயினும் கொலைஞனின் நூலைக் கடைவாசலில் காண்பதைவிடவா அது கொடிது? வழக்கிடுவதோ வாளாவிருப்பதோ அவர்கள் விருப்பம். அறிந்த பின் மௌனம் காப்பது அவர்கள் முடிவு. அறியாமையால் மௌனம் காப்பதோ பிறர் அவர்கள்மீது சுமத்திய முடிவு.

குற்றவாளியின் வாயை அடைக்க நாம் கேட்கவில்லை. அவன் பேசட்டும். அப்பேச்சு பணமாகும்போது, அதற்கு விலையாக உயிரைக் கொடுத்தவரின் வீட்டுக் கதவை அரசு ஒருமுறை தட்டட்டும். கேட்பது அவ்வளவே. அதனையும் செய்யாத அரசு, நீதியைப் பற்றிப் பேசும் தகுதியை இழந்துவிடும்.