ஆராய்ச்சிக் குழுவும் அஜைல் முறையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆராய்ச்சிக் கூடங்களில் பலர் குழுவாகக் கூடி வேலை செய்யும் முறையைப்பற்றிப் பேசுமாறு எமக்குக் கட்டளையாயிற்று. இது தொழிற்சாலைக்காரர் கேட்கவேண்டிய பேச்சாயிற்றே, குலச் சங்கத்தில் இதற்கு இடமேது என்று சிலர் எண்ணக்கூடும். நம் குடும்பங்களிலிருந்து பொறியியலும் இரசாயனமும் கற்று, ஆராய்ச்சிக் கூடங்களிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் உத்தியோகம் வகிப்போர் இக்காலத்தில் பலர். அவர்கள் வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் "ஸ்க்ரம்" என்றும் "ஸ்பிரிண்ட்" என்றும் பேசுவதைப் பெற்றோர்கள் கேட்டிருப்பீர்கள். அச்சொற்களின் பொருளை அறிவது ஒரு பயன். அதனினும் பெரியதொரு பயன் உண்டு. அதனை எமக்கு நேர்ந்த ஒரு பிழையைக்கொண்டே விளக்கக் கருதுகின்றோம்.

பல ஆண்டுகட்கு முன் யாம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் சிறு குழு ஒன்றிற்குத் தலைமை வகித்தோம். நீர் இறைக்கும் பம்புகளில் இரும்பின்மேல் ரப்பரை ஒட்டிய உறுப்பு ஒன்று உண்டு. உவர்நீர்க் கிணறுகளில் அந்த ரப்பர் சில மாதங்களுக்குள் இரும்பை விட்டு உரிந்துபோகும். உரியாத ஒட்டு ஒன்றைக் கண்டறிவதே எமது வேலை. 18 மாதத்திற்குத் திட்டம் வகுத்தோம். முதல் 6 மாதம் பசையை ஆராய்தல். அடுத்த 4 மாதம் ஒட்டும் முறையை ஆராய்தல். அதற்கடுத்த 4 மாதம் உறுப்பின் வடிவத்தை அமைத்தல். அதன்பின்னரே உப்புநீரில் இட்டுச் சோதித்தல். திட்டத்தை அழகாக எழுதிச் சுவரில் ஒட்டினோம். மேலதிகாரிகளும் மெச்சினார்கள்.

நான்காம் மாதத்தில் ஓர் இளம் உதவியாளர், ஒருவர் ஏவாமல் தாமாகவே, மாதிரித் தகடு ஒன்றை உப்புநீரில் இட்டு வைத்திருந்தார். சில நாள் கழித்து ரப்பரின் விளிம்பு எழும்பியிருக்கக் கண்டு, அதனை எம்மிடம் கொண்டுவந்து காட்டினார். "சோதனைக்கு உரிய காலம் வரும்பொழுது பார்த்துக்கொள்வோம், தம்பி" என்று கூறி அனுப்பிவிட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. மூத்தோர் சொல்லியபின் எதிர்பேசலாகாது என்று வளர்க்கப்பெற்ற பிள்ளை அவர். பதினைந்தாம் மாதத்தில் தகடுகள் யாவும் உப்புநீரில் இறங்கின. ஒவ்வொன்றும் அதே விளிம்பில் உரிந்தது. 11 மாத உழைப்பு வீணாயிற்று. அன்று கூடிய கூட்டத்தில் அவ்விளைஞர் பின்வரிசையில் வாளா அமர்ந்திருந்தார். அவர் முகத்தை நிமிர்ந்து நோக்க எமக்கு நாணமாயிருந்தது.

அன்பர்களே! உண்மை எங்கள் கூடத்திற்குள்ளேயே 11 மாதம் இருந்தது. அது வெளிவருவதற்கு வாயில்தான் இல்லை. அவ்வாயிலைத் திறந்து வைப்பதே அஜைல் முறையின் உட்கருத்து. அஜைல் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு விரைந்து வளைந்து இயங்குதல் என்பது பொருள். விரைவு என்பதைக் கண்டு பலர் மயங்குகின்றனர். தவறு சிறிதாயிருக்கும்போதே அதனைக் கண்டு வழியை மாற்றிக்கொள்ளும் விரைவே இங்குக் குறிக்கப்பெறுவது.

இம்முறையின் வரலாற்றைச் சிறிது கூறுவோம். 1986-ஆம் ஆண்டில் ஹிரோட்டகா டாக்கியூச்சி, இக்குஜிரோ நோனாக்கா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் "ஹார்வர்டு பிஸினஸ் ரெவ்யூ" என்னும் பத்திரிகையில் ஒரு கட்டுரை வரைந்தனர். புதுப்பொருள்களை உண்டாக்கும் ஆராய்ச்சிக் குழுக்களையே அவர்கள் நேரில் ஆராய்ந்தனர். பழைய முறை தொடரோட்டம் போன்றது: ஒருவர் ஓடிக் கோலைக் கொடுக்க, அடுத்தவர் வாங்கி ஓடுவார். ஆராய்ந்தவர் வரைவோரிடம் கொடுப்பார். வரைந்தவர் தொழிற்சாலையிடம் கொடுப்பார். யாம் வகுத்த 18 மாதத் திட்டமும் இத்தகையதே. புதிய முறையை அவ்வறிஞர்கள் ரக்பி என்னும் பந்தாட்டத்திற்கு ஒப்பிட்டனர். அதில் குழுவினர் அனைவரும் பந்தைத் தமக்குள் முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டு ஒருங்கே முன்னேறுவர். அவ்வாட்டத்தில் வீரர்கள் தோளோடு தோள் நெருக்கி நிற்கும் நிலைக்கு ஸ்க்ரம் என்று பெயர்.

அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று பூஜி ஜெராக்ஸ் கம்பெனியார் 1978-இல் வெளியிட்ட பிரதி எடுக்கும் யந்திரம். முந்திய மாதிரி ஒன்றை உருவாக்க 38 மாதம் சென்றது. வேலைகளை ஒன்றன்மேல் ஒன்று தழுவிச் செல்லுமாறு அமைத்ததனால் இவ்யந்திரம் 29 மாதத்தில் முடிந்தது. மற்றொன்று 1981-இல் ஹோண்டா கம்பெனியார் வெளியிட்ட ஸிட்டி என்னும் மோட்டார் வண்டி. அதனை ஆக்கிய குழுவினரின் சராசரி வயது 27. மேலதிகாரிகள் குறிக்கோளை மட்டும் கூறி, வழியை இளைஞர்களிடமே விட்டுவிட்டனர்.

கானன் கம்பெனியின் சிறிய பிரதி யந்திரத்தைப்பற்றி நோனாக்கா பின்னர் எழுதிய செய்தி இன்னும் சுவையுடையது. பிரதி யந்திரங்களில் பழுது பெரும்பாலும் உருளையிலேயே நேர்வது. ஆகவே, தேய்ந்தவுடன் எறிந்துவிடத்தக்க மலிவான உருளை வேண்டியிருந்தது. அதற்கு வழி தோன்றாமல் குழுவினர் திகைத்திருந்தனர். ஒருநாள் தலைவர் பீர் வாங்கிவரச் செய்து, அந்த அலுமினியக் குவளையைக் கையில் எடுத்து, இதனைச் செய்ய என்ன செலவாகும் என்று வினவினார். அவ்வினாவிலிருந்து, குவளை செய்யும் முறையால் உருளையும் செய்யலாகுமோ என்ற ஆராய்ச்சி பிறந்து, வெற்றியும் பெற்றது. 1982-இல் அந்த யந்திரம் கடைக்கு வந்தது. எல்லோரும் ஒரே பிரச்சினையைச் சூழ்ந்து இருந்தமையால் அந்த வினா பயன் தந்தது.

ரக்பி உவமையிலிருந்தே பெயர் பெற்று, 1990-க்குப் பின் ஸ்க்ரம் என்னும் முறை அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் உருவாயிற்று. 2001 பிப்ரவரியில் யூட்டா மாகாணத்து மலையிடம் ஒன்றில் 17 பேர் கூடி, இத்தகைய முறைகட்கெல்லாம் அஜைல் என்னும் பொதுப்பெயர் சூட்டி, 4 மதிப்புகளும் 12 கொள்கைகளும் கொண்ட ஓர் அறிக்கையை வெளியிட்டனர். திட்டத்தைப் பின்பற்றுவது நன்றே. மாறுதலுக்கு இணங்குவது அதனினும் நன்று என்பது அவற்றுள் ஒன்றன் கருத்து.

நடைமுறை எளியது. நீண்ட காலத்தை ஒரு மாதத்திற்கு மேற்படாத சிறு சிறு சுற்றுகளாகப் பகுத்தல் வேண்டும். ஸ்பிரிண்ட் என்பது இச்சுற்றுக்கே பெயர். நாள்தோறும் குழுவினர் 15 நிமிஷம் கூடி, செய்தது யாது, செய்யப்போவது யாது, தடை யாது என்று பேசிக்கொள்ளுதல் வேண்டும். சுற்று முடிந்ததும் பயனைக் கண்கூடாகக் காட்டி, அடுத்த சுற்றில் எதனை மாற்றுவது என்று ஆலோசித்தல் வேண்டும்.

யாமும் இரண்டாம் முறை இவ்வாறே தொடங்கினோம். 3 வாரம் ஒரு சுற்று. ஆயினும் முதலில் ஒரு பிழை செய்தோம். ஒவ்வொரு சுற்றிலும் பசை இவ்வளவு மேம்படவேண்டும் என்று அளவு கட்டினோம். விளைவு யாதாயிற்று? இளைஞர்கள் 3 வாரத்தில் நிச்சயமாக முடியக்கூடிய சில்லறை வேலைகளையே எடுத்துக்கொண்டனர். பலகையில் எல்லாம் முடிந்தது போல் தோன்றும். பிரச்சினையோ நின்ற இடத்திலேயே நிற்கும். அப்பொழுதுதான் எமக்கு ஒன்று புலனாயிற்று. மென்பொருள் எழுதுவோர் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஓடும் பொருளைக் காட்டக்கூடும். ஆராய்ச்சியிலோ இன்ன நாளில் இன்னது கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆகையால் ஆராய்ச்சிச் சுற்றின் முடிவில் பொருளைக் கேட்டல் ஆகாது. விடையைக் கேட்டல் வேண்டும். எந்த ஐயத்தைத் தீர்க்கப் போகின்றோம் என்று தொடக்கத்தில் எழுதி வைப்பது. அது தீர்ந்ததா என்று முடிவில் பார்ப்பது. "இவ்வழி பயன்படாது" என்பதும் ஒரு விடையே. அதனைக் கொணர்ந்தவரும் வேலை செய்தவரே ஆவர்.

அதன்பின் எல்லாம் மாறிற்று. எல்லாவற்றினும் அஞ்சத்தக்க ஐயத்தையே முதலில் எடுத்தோம். முதற் சுற்றிலேயே தகடுகளை உப்புநீரில் இட்டோம். காலைக் கூட்டத்திற்குப் பட்டறைத் தொழிலாளர்களையும் அழைத்தோம். ஒருநாள் அவர்களுள் மூத்தவர் ஒருவர், "ஐயா, நாங்கள் மணல் வீசித் துலக்கிக் கொடுக்கும் தகட்டிற்கு எத்தனை நேரம் கழித்துப் பசை பூசுகிறீர்கள்?" என்று கேட்டார். இரண்டு நாள் ஆகும் என்றோம். "கடற்காற்று வீசும் ஊரில் இரண்டு நாள் விட்டால் கண்ணுக்குத் தெரியாத துரு படிந்துவிடுமே" என்றார். அடுத்த சுற்றில், துலக்கிய சில மணி நேரத்திற்குள் பசை பூசிப் பார்த்தோம். விளிம்பு எழும்பவில்லை. பசையை ஆராய்ந்து ஆராய்ந்து யாம் காணாத காரணம் ஒரு தொழிலாளியின் கைப்பழக்கத்தில் இருந்தது. முதல் முறையில் அவரை ஒருவரும் கேட்டதில்லை.

இம்முறையின் எல்லையையும் கூறாது விடுதல் நேர்மையன்று. அந்த ஜப்பானிய அறிஞர்களே, இரசாயனம், உயிரியல் தொழில் முதலியவற்றில் அடியோடு புதுமை காணும் ஆராய்ச்சிக்கு இது பொருந்தாமற் போகலாம் என்று எச்சரித்தனர். வேலை மிகுந்த காலத்தில் குழுவினர் மாதத்திற்கு 100 மணி நேரம் மிகையாக உழைத்ததையும் மறையாது எழுதினர். வீட்டையும் உடம்பையும் கெடுக்கும் சுறுசுறுப்பை நாம் விரும்பவேண்டுவதில்லை. மருந்துகளை மனிதரிடம் சோதிக்கும் வேலையிலோ, முன்னரே எழுதிய விதிகளை இடையில் மனம்போல் மாற்றலாகாது; உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது. காலைக் கூட்டத்தையே அதிகாரி கணக்குக் கேட்கும் கச்சேரியாக்கிவிட்டால், பெயர்தான் அஜைல். உள்ளே இருப்பது பழைய அச்சமே.

இனி முடிவுரை. தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் துணையில்லாத அரசன், பகைவர் இல்லாமலே அழிவான் என்பது வள்ளுவர் கருத்து. இடித்துரைப்போர் நம்மிடம் எப்போதும் உளர். பலகாலும் அவர்கள் வயதிற் சிறியவராகவோ பதவியிற் சிறியவராகவோ இருக்கின்றமையால் நாம் செவிகொடுப்பதில்லை. நம் மரபில் மூத்தோரை மதிக்கும் ஒழுக்கம் பெரிது. அது என்றும் நிலைக்க. ஆயினும் மதிப்பு வேறு, மௌனம் வேறு. எம்மை மதித்த அவ்விளைஞர் மௌனமாயிருந்தார். அம்மௌனத்திற்கு விலை 11 மாதம். மௌனம் அவருடையது, குற்றம் எம்முடையது.

ஆதலின், பெரியோர்களே! தொழிலிலும் வீட்டிலும் இளையவர் ஒருவர் கெட்ட செய்தி கொணரும்போது, முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள். இளைஞர்களே! கண்டதைப் பணிவோடு ஒருமுறை சொல்லுங்கள். கேளாவிடின் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மறுமுறையும் சொல்லுங்கள். அவ்வுதவியாளர் எம் கூடத்தை விட்டுச் செல்லும் நாளில், அவர் கூறியது சரியென்று யாம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னோம். அதனை 11 மாதம் முன்னரே சொல்லியிருக்கலாம் என்னும் எண்ணம் எம்மை விட்டு நீங்கவில்லை. உங்களுக்கு அவ்வருத்தம் நேராதிருக்க வேண்டியே இதனை இங்கு எடுத்துரைத்தோம்.