கப்பல் அரசினது, காயம் யாருடையது?

(சீனன்குடாவில் நிகழ்த்திய உரை)



உழவரும் உத்தியோகத்தரும் கூடியுள்ள இச்சபையில் மாலுமியின் வழக்கைப் பற்றி நாம் ஏன் பேசவேண்டும்? கோதுமையும் எண்ணெயும் இக்குடாவுக்குக் கப்பலில் வருகின்றன. அக்கப்பலில் ஒருவன் கால் முறிந்து வீழ்ந்தால், அவன் யார்மீது வழக்காடுவது?

கப்பல் அரசாங்கத்தினது, அதை நடத்துவதோ கம்பெனி. “நாம் வெறும் முகவர்” என்று கம்பெனி கைவிரிக்கும். “முடி தவறு செய்யாது” என்பது பழைய சட்டம். குத்தகை வயலில் வரம்பு உடைந்தால், கட்டவேண்டியவன் காணிக்காரனா குத்தகைக்காரனா என்று வாதாடி முடிவதற்குள் வெள்ளம் பயிரைக் கொண்டுபோய்விடும். மாலுமியின் கதியும் அதுவே.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசாங்கம் தன் கப்பல்களைக் கம்பெனிகளைக் கொண்டு நடத்தியது. கம்பெனிமீது வழக்கிடலாம் என்று 1946 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1949 இல், காஸ்மோபாலிட்டன் கப்பற் கம்பெனி வழக்கில், அதே மன்றம் தன் தீர்ப்பை மாற்றியது. முதலாளி அரசாங்கமே, அதன்மீதே வழக்கிடவேண்டும் என்றது. அரசாங்கத்தின்மீது வழக்கிடத் தவணையோ இரண்டே ஆண்டுகள்! முந்திய தீர்ப்பை நம்பியோர் பலருக்கு அத்தவணை கடந்துவிட்டது. நீதிமன்றத்தை நம்பியது குற்றமா? 1950 டிசம்பரில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, அவ்வழக்குகளை மீண்டும் தொடுக்க ஓராண்டு அவகாசம் அளித்தது.

நம் நாட்டின் நிலை என்ன? பிரித்தானியா 1947 இல் தன் முடியை நீதிமன்றுக்கு அழைக்கச் சட்டம் செய்தது. இலங்கையிலோ, அரசின் ஊழியர் இழைத்த தீங்குக்கு அரசின்மீது வழக்கிடும் உரிமை 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தால்தான் கிடைத்தது. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிய இத்துறைமுகத்தில் அவ்வுரிமை எவ்வளவு தாமதித்து வந்தது என்பதை எண்ணிப்பாருங்கள்!

2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தை இலங்கை 2017 இல் ஏற்றது. வணிகக் கப்பல் அரசினதாயினும் தனியாரதாயினும் அதற்கு ஒன்றே. உரிமையாளரிடமிருந்து கப்பலை நடத்தும் பொறுப்பை ஏற்றவரும் அதன்படி கப்பலுடைமையாளரே. போர்க்கப்பல்களுக்கும் கடற்படைத் துணைக்கப்பல்களுக்கும் அது பொருந்தாது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். காயமுற்ற அன்றே கப்பலின் உடைமையாளர் யார், நடத்துபவர் யார் என்று எழுதிவையுங்கள். காயத்துக்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும். அரசின்மீதாயின், சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் வேண்டும். நல்லெண்ணத்துடன் தவறான கதவைத் தட்டியவனுக்குச் சரியான கதவு அடைபடலாகாது. அக்காப்பு சட்டத்திலேயே எழுதப்படவேண்டும். கரையிலுள்ளோரின் குரல் இன்றி, கடலில் உழைப்போருக்கு அது கிட்டாது!