குடைப் பாட்டும் ஓணப் பூவும்



இன்று விளம்பரத்தைப் பற்றிப் பேசலாம். டி.வி.யில் வருகிறது. சுவரில் ஒட்டியிருக்கிறது. இப்போது கையில் உள்ள போனிலும் வருகிறது.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பல விளம்பரங்களில் குழந்தைகள் வருகிறார்கள். மழையில் குதிக்கிறார்கள். ஊஞ்சல் ஆடுகிறார்கள். பாட்டியின் மடியில் படுத்துக் கதை கேட்கிறார்கள். கடைசியில் பார்த்தால் விற்பது பிரிட்ஜ்! குழந்தையா பிரிட்ஜ் வாங்கப் போகிறது?

வாங்கப் போவது பணப்பை வைத்திருப்பவர். அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஆனால் அவருக்குள்ளே ஒரு எட்டு வயதுப் பிள்ளை இன்னும் இருக்கிறது. விளம்பரம் அந்தப் பிள்ளையோடுதான் பேசுகிறது.

நம் கேரளத்துக் குடையை எடுத்துக்கொள்வோம். ஜூன் முதல் தேதி பள்ளிக்கூடம் திறக்கும். ஏறத்தாழ அதே நாளில் மழையும் வந்துவிடும். அதனால் மே மாதம் முழுவதும் குடை விளம்பரம்தான். 1954-ஆம் ஆண்டு ஆலப்புழையில் செயின்ட் ஜார்ஜ் என்ற பெயரில் ஒரு குடைக் கம்பெனி தொடங்கியது. 1995-இல் அந்தக் குடும்பத்தார் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒன்று பாப்பி, மற்றொன்று ஜான்ஸ். இருவரும் போட்டி போட்டுக்கொண்டு விளம்பரம் செய்தார்கள். குழந்தைகள் பாடும் சின்னப் பாட்டு, வண்ணக் குடை, சொட்டச் சொட்ட மழை. திருவனந்தபுரத்தில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கும் அந்த மலையாளப் பாட்டுகள் மனப்பாடம். எழுத்துப் படிக்கும் முன்பே பாட்டுப் படித்த பிள்ளைகளும் உண்டு.

அன்று பாடிய பிள்ளைகள் இன்று தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். இப்போது அந்தப் பாட்டைக் கேட்டால் அவர்களுக்குக் குடை மட்டுமா நினைவு வரும்? புதுப் புத்தகத்தின் வாசனை வரும். நனைந்த சீருடை வரும். தம்பானூரில் தண்ணீர் கட்டி நின்றபோது செருப்பைக் கையில் பிடித்து நடந்தது வரும். இதில் எதையும் கம்பெனி காட்டவில்லை. கம்பெனி காட்டியது மழையை மட்டும்தான். மீதிப் படத்தை அவர்களே வரைந்துகொண்டார்கள்.

இதுதான் விளம்பரக்காரரின் கைவேலை. பாதிப் படத்தை அவர் போடுவார். மீதியை நம் கற்பனை போடும். நாமே வரைந்த படம் என்பதால் அது நமக்குப் பிடித்துப் போகும்.

பார்லே-ஜி பிஸ்கட்டின் உறையைப் பாருங்கள். அதில் ஒரு குழந்தை இருக்கிறது. அது யார் வீட்டுக் குழந்தை என்று ஊரெல்லாம் சண்டை. அந்த அம்மாதான், இந்த அம்மாதான் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். அது போட்டோவே இல்லை, 1960-களில் ஓவியர் ஒருவர் வரைந்த படம் என்று கம்பெனியே சொல்லிவிட்டது. அதனால் என்ன? பார்க்கிறவர்களுக்குத் தங்கள் வீட்டுக் குழந்தை போலவே தெரிகிறது.

சாக்லேட்டின் கதை வேறு. ஒரு காலத்தில் நம் நாட்டில் சாக்லேட் என்றால் பிள்ளைகள் தின்பது. பெரியவர் தின்றால் கூச்சப்படுவார். பிள்ளைகளுக்கு மட்டும் விற்றால் வியாபாரம் எவ்வளவு ஓடும்? 1990-களில் கேட்பரி கம்பெனி ஒரு விளம்பரம் எடுத்தது. கிரிக்கெட் மைதானம். ஆடுகிறவன் சிக்சர் அடிக்கிறான். பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண் காவலரைத் தாண்டி ஓடிவந்து, சிறு பிள்ளை போல ஆடுகிறாள். கையில் சாக்லேட். வளர்ந்தவர்களும் கூச்சம் விட்டுக் குழந்தையாகலாம் என்று அந்த விளம்பரம் சொன்னது. 2021-இல் அதையே மறுபடி எடுத்தார்கள். இந்த முறை சிக்சர் அடித்தவள் பெண், ஆடி வந்தவன் ஆண். முதல் விளம்பரத்தைச் சிறு வயதில் பார்த்தவர்களுக்குக் கண் கலங்கியது. பாருங்கள், பழைய நினைவை மட்டுமல்ல, பழைய விளம்பரத்தின் நினைவையே விற்க முடிகிறது!

2013-இல் ஹெக்டர் பெவரேஜஸ் என்ற கம்பெனி ஒரு பானம் கொண்டுவந்தது. பெயர் பேப்பர் போட், அதாவது காகிதக் கப்பல். பைக்குள் இருந்தது பச்சை மாங்காய்ப் பானம், சீரகத் தண்ணீர் போன்றவை. வடக்கே வீடுகளில் கோடையில் பாட்டிமார் போட்டுக் கொடுப்பது. கடையில் வாங்கிக் குடிக்கிறவர் பாட்டி வீட்டை நினைத்துக்கொள்ள வேண்டும். பெயரிலேயே விளம்பரத்தை வைத்துவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்தான்.

இனி ஓணத்துக்கு வருவோம். ஓணம் வந்தால் நகைக்கடை, துணிக்கடை, டி.வி. கடை எல்லாவற்றின் விளம்பரத்திலும் ஒரே காட்சி. பாவாடை கட்டிய சிறுமி வீட்டுத் தோட்டத்தில் தும்பைப் பூ பறிப்பாள். முற்றத்தில் பூக்களம் போடுவாள். பார்க்க அழகுதான். ஆனால் திருவனந்தபுரத்து முற்றங்களுக்கு அந்தப் பூ எங்கிருந்து வருகிறது? கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைச் சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது. சின்ன வயதிலிருந்து பூப் பறித்தும் பூக் கட்டியும் வளர்ந்த பெண்களுக்குப் பூ என்றவுடன் என்ன நினைவு வரும்? இருட்டோடு எழுந்தது நினைவு வரும். விரலில் நார் அறுத்தது நினைவு வரும்.

இப்படிப்பட்டவர்களுக்கு விளம்பரம் காட்டுவது அவர்களுடைய சிறு வயதை அல்ல. கிடைக்காமல் போன ஒரு சிறு வயதைக் காட்டுகிறது. அது இன்னும் ஆழமாய்க் குத்தும்.

ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் சிறு வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மழை வந்தால் வாழை இலைதான் குடை. இப்போது நாலு வீட்டில் வேலை செய்கிறாள். மே மாதக் கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போகிறாள். கடைக்காரர் இரண்டு குடைகளை எடுத்து வைக்கிறார். ஒன்று சாதாரணக் கறுப்புக் குடை. மற்றது டி.வி.யில் வந்த படக்குடை.

"அம்மா, எனக்குக் கறுப்பே போதும்" என்கிறாள் மகள்.

"சும்மா இரு மக்ளே. இதுதான் நல்லா இருக்கு" என்கிறாள் தாய்.

இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஐந்தாறு நோட்டுப் புத்தகம் வாங்கலாம். அது தாய்க்குத் தெரியும். தெரிந்தும் படக்குடையை விட மனமில்லை. அந்தக் குடை யாருக்கு? மகளுக்கா, வாழை இலை பிடித்து நின்ற அந்தப் பழைய பிள்ளைக்கா? தாயைக் குறை சொல்ல முடியாது. ஆசை குற்றமில்லை. ஆனால் அந்த மாதம் அரிசிக்குக் கடன் வாங்கும்படி ஆனால், அந்தக் கடனுக்கு விளம்பரக்காரர் பொறுப்பேற்க மாட்டார்.

2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்களைத் தடுக்க விதிமுறைகள் கொண்டுவந்தது. ஒன்றும் அறியாத குழந்தைகளை விளம்பரத்தால் ஏமாற்றக்கூடாது என்று அதில் இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் நாற்பது வயதுக்காரருக்குள் இருக்கும் குழந்தைக்கு எந்த விதியும் காவல் இல்லை. அதற்கு அவரே காவல்.

காவலுக்கு இப்போது ஒரு கருவி கையில் இருக்கிறது. நீங்கள் வாசிக்கக் கற்றுக்கொண்டீர்கள் அல்லவா? பொட்டலத்தின் முன்பக்கம் குழந்தையும் மழையும் இருக்கும். அதைத் திருப்புங்கள். பின்பக்கமோ ஓரமோ சின்ன எழுத்தில் எடை, விலை, தயாரித்த மாதம் மூன்றும் இருக்கும். அவற்றை அச்சிட வேண்டும் என்பது சட்டம். எடையை முதலில் பாருங்கள். பல பிஸ்கட் கம்பெனிகள் ஐந்து ரூபாய் விலையை மாற்றாமலே உள்ளே இருக்கும் பிஸ்கட்டைக் குறைத்திருக்கின்றன. படம் மாறாததால் பலர் கவனிக்கவில்லை. இப்போது பல பொட்டலங்களில் ஒரு கிராம் என்ன விலை என்றும் போடுகிறார்கள். இரண்டு பொட்டலங்களைப் பக்கத்தில் வைத்து அந்த எண்ணைப் பார்த்தால் போதும்.

அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டாலோ, எடை குறைந்தாலோ, விளம்பரத்தில் சொன்னது பொய்யானாலோ 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். வாங்கிய பில் கையில் இருக்கட்டும்.