பட்டணம் போன பிள்ளை



தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வரும் ரயில்கள் பலவும் தாம்பரத்தில் நிற்கின்றன. அதனை அடுத்த இரும்புலியூரில் வாழ்பவன் நான். விடியற்காலையில் பெட்டியும் பையுமாக வந்திறங்கும் மாணவர்களைக் காணும்போதெல்லாம் ஒரு வங்காளத் திரைப்படம் என் நினைவுக்கு வருகிறது. 1956ஆம் ஆண்டில் சத்யஜித் ராய் இயக்கிய ‘அபராஜிதோ’ என்பதே அது. ‘வெல்லப்படாதவன்’ என்பது பொருள். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவல்களைத் தழுவியது.

தந்தையை இழந்த அபு, கிராமத்தில் புரோகிதம் செய்துகொண்டே பள்ளியில் சேர்கிறான். தலைமையாசிரியர் நல்ல நூல்களை அளித்து அவனது அறிவுப் பசியைத் தூண்டுகிறார். உதவித்தொகை பெற்றுக் கல்கத்தாவுக்குப் புறப்படுகிறான். பகலில் கல்லூரி, இரவில் அச்சகத்தில் வேலை. களைப்பினால் வகுப்பில் உறங்கி, ஆசிரியரின் சினத்துக்கு ஆளாகிறான். ஆயினும் நகரம் மெல்ல மெல்ல அவனுக்குச் சொந்தமாகிறது. தாயோ மெல்ல மெல்லத் தொலைவாகிறாள். மகனின் தேர்வுக்கு இடையூறாகுமென்று தன் நோயை மறைக்கிறாள். தொலைவில் செல்லும் ரயிலின் ஒலியைக் கேட்டுக் காத்திருக்கிறாள். செய்தியறிந்து அபு வந்து சேரும்போது அவள் இல்லை.

இப்படம் வெளிவந்தபோது வங்காளத்து மக்கள் இதனை வரவேற்கவில்லை. தாயை விட்டு விலகும் மகனைக் காண அவர்கள் உள்ளம் ஒப்பவில்லை போலும். ஆனால் 1957இல் வெனிஸ் திரைப்பட விழா இதற்குத் தங்கச் சிங்க விருதை வழங்கியது. இன்றும் ‘பதேர் பாஞ்சாலி’யின் புகழை அறிந்தவருள் பலர், அதன் தொடர்ச்சியாகிய இதனைக் கண்டதில்லை.

இது வங்காளத்துக்கு மட்டும் உரிய கதையன்று. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1936இல் எடுத்த ‘ஒரே மகன்’ என்னும் படத்திலும், பட்டாலையில் உழைக்கும் தாயொருத்தி தன் மகனைப் படிக்க அனுப்புகிறாள். அவனும் டோக்கியோ நகரத்துக்கு உரியவனாகிவிடுகிறான்.

அபு நன்றி மறந்தவனா? நான் அவ்வாறு கருதவில்லை. உலகை அறிய விரும்புவது குற்றமாகாது. தாய் மறைந்தபின், ஊரிலேயே தங்கிப் புரோகிதம் செய்யும்படி உறவினர் கூறுகிறார். அபு மறுத்துவிட்டுக் கல்கத்தாவுக்கே திரும்புகிறான். ராய் அவனைக் கண்டிக்கவுமில்லை, காப்பாற்றவுமில்லை. மகன் புறப்பட்டது சரியே. அதன் விலையைத் தாய் செலுத்தினாள் என்பதும் உண்மையே. இவ்விரண்டையும் ஒருங்கே தாங்குவதுதான் வளர்ச்சி.

மாணவர்களே! அபுவுக்குக் கடிதம் மட்டுமே துணை. உங்கள் கையிலோ தொலைபேசி இருக்கிறது. எனினும் மறைக்கத் துணிந்த தாய், தொலைபேசியிலும் ‘நலமாக இருக்கிறேன்’ என்றே சொல்வாள். ஆகவே, நகரத்தில் ஊன்றிப் படியுங்கள். விடுமுறை கிடைத்தால் ஊருக்குச் சென்று, அவள் முகத்தை நேரில் பாருங்கள்.