சிக்கனமே செல்வம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கற்றறிந்த புலவர்கள் அமர வேண்டிய மேடையில், பத்தாம் வகுப்பு மட்டுமே தேறி, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகக் காலந்தள்ளும் எங்களைப் பேசுமாறு பணித்தனர் செயலாளர். இலக்கியம் பேச எங்களுக்குத் தகுதி இல்லை. ஆனால் வரவு செலவுக் கணக்கு எழுதி எழுதிக் கை தேய்ந்தவர்கள் நாங்கள். ஆதலின் எங்களுக்குத் தெரிந்த ஒரு பொருளையே எடுத்துக்கொண்டோம். அதுவே சிக்கனம்.

நாம் வாழும் ஊரோ திருப்பதி. குபேரனிடம் கடன் வாங்கிப் பத்மாவதித் தாயாரை மணம் புரிந்த பெருமான், கலியுகம் முடியுமட்டும் வட்டி செலுத்திக்கொண்டிருக்கிறார் என்பது இத்தலத்தின் வரலாறு. தெலுங்கு மக்கள் அவரை 'வட்டிகாசுலவாடு' என்றே அன்போடு அழைக்கின்றனர். ஆண்டவனே கடன் வாங்கித்தான் கலியாணம் செய்தார், நாம் எம்மாத்திரம் என்று நம்மவர் பலர் இதைக் காட்டித் தேற்றிக்கொள்வதுண்டு. அவர்கள் கதையின் மறுபாதியை மறந்துவிடுகின்றனர். மலையடிவாரத்தில் பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராசப் பெருமாளை நாம் எல்லோரும் சேவித்திருக்கிறோம். திருமணத்திற்கு வந்த பொருளையெல்லாம் அளந்து அளந்து களைத்த தமையன் அவர் என்றும், அளந்த மரக்காலையே தலைக்கு அணையாக வைத்துப் படுத்துவிட்டார் என்றும் பெரியோர் கூறுவர். கடன் வாங்கிய வீட்டிலும் அளப்பதற்கு ஒருவர் இருந்தார் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். நம் இல்லங்களில் கடன் வாங்க ஆள் உண்டு, அளக்கத்தான் ஆள் இல்லை!

வள்ளுவப் பெருந்தகை செலவின் அளவைப் பற்றிப் பேசுவது எவ்விடத்தில் என்று எண்ணிப் பாருங்கள். பொருட்பாலில், பகைமேற் செல்லும் அரசன் தன் வலிமையை ஆய்ந்தறிய வேண்டும் என்று கூறும் 'வலியறிதல்' அதிகாரத்தின் இறுதியிலேதான் ஈகைக்கும் செலவுக்கும் அளவு கூறுகிறார். படை பலம் அறியாது போருக்குச் செல்பவனையும், வருவாய் அறியாது செலவு செய்பவனையும் ஒரே வரிசையில் நிறுத்தினார் என்றால், அதன் பொருள் என்ன? இல்லறமும் ஒரு போர்க்களமே என்பதன்றோ?

பிறர் கதை கூறி அறிவுரை வழங்குவது எளிது. எங்கள் கதையையே கூறுகிறோம். 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் காதணி விழா நடத்தினோம். சொந்த ஊரிலிருந்து உறவினர் வருவார்கள், காலனியில் நால்வர் மெச்ச வேண்டும் என்ற எண்ணத்தில் மண்டபம் பிடித்தோம், மேளம் வைத்தோம், முந்நூறு இலை போட்டோம். கையிருப்புப் போதாமல் தனியார் ஒருவரிடம் 2 லட்ச ரூபாய் கடன் வாங்கினோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. மூன்று ரூபாய் என்றபோது அது சிறு தொகையாகவே எங்கள் செவிக்கு ஒலித்தது. அலுவலகத்தில் நாள்தோறும் கூட்டல் கழித்தல் செய்யும் நாங்கள், எங்கள் வீட்டுக் கணக்கை மட்டும் அன்று போட்டுப் பார்க்கவில்லை.

இப்பொழுது போட்டுக் காட்டுகிறோம். மாதம் 6,000 ரூபாய். ஆண்டுக்கு 72,000 ரூபாய். முப்பது மாதங்களில் நாங்கள் செலுத்திய வட்டி 1,80,000 ரூபாய். முதலிலோ ஒரு ரூபாயும் குறையவில்லை. இன்னும் நான்கு மாதங்கள் சென்றிருந்தால் வட்டியே முதலை மிஞ்சியிருக்கும். ஒரு நண்பகலில் உண்டு முடித்த விருந்துக்கு, இரண்டரை ஆண்டுகள் எங்கள் அடுப்பு விலை கொடுத்தது.

பண இழப்பு ஒருபுறம் இருக்க, மன இழப்பைக் கேளுங்கள். கடன் கொடுத்தவரின் கடை நிலையத்திற்குச் செல்லும் நேர்வழியில் இருந்தது. வட்டி தாமதமான மாதங்களில் அத்தெருவை விட்டுச் சுற்றுவழியே நடந்து பணிக்குச் சென்றோம். வீட்டு வாயிலில் எவரேனும் மணி அடித்தால், அப்பா இல்லை என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்கினோம். பொய்யுரைக்கக் கூடாது என்று பள்ளியில் கற்ற பிள்ளைகளுக்கு, வீட்டில் பொய்யைக் கற்பித்தது எங்கள் கடன்.

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்தது. எங்களுக்கு மாதச் சம்பளம் நிற்கவில்லை. ஆயினும் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை அகவிலைப்படி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டதை அரசுப் பணியில் உள்ளோர் அறிவர். அவ்வாண்டு ஆகஸ்டில் எங்கள் மாமனார் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். மருத்துவமனையில் முன்பணமாக 40,000 ரூபாய் கேட்டனர். எங்கள் கணக்கில் இருந்தது 3,200 ரூபாய். பதினான்கு ஆண்டுகள் பணிபுரிந்தவரின் கையிருப்பு அவ்வளவே. இல்லத்தரசியார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இறையருளால் பெரியவர் நலமுற்று மீண்டார். ஆயின் அந்தச் சங்கிலி மேசைமேல் விழுந்த ஓசை இன்றும் எங்கள் செவியில் இருக்கிறது.

அன்றிரவே ஒரு பழைய குறிப்பேடு எடுத்துக் கணக்கு எழுதத் தொடங்கினோம். முதல் வேலையாக, எங்கள் துறைப் பணியாளர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில், தனியார் வட்டியில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த வட்டியில் கடன் பெற்று, பழைய கடனை அடைத்தோம். அதன்பின் வீட்டுச் செலவை நால்வரும் அமர்ந்து ஆராய்ந்தோம். வெளிக்கடைத் தேநீரும் சிற்றுண்டியும் நாளொன்றுக்கு 40 ரூபாய், மாதம் 25 நாட்களுக்கு 1,000 ரூபாய் ஆயிற்று. குடுவையில் வீட்டுக் காப்பி உடன் வந்தது. மளிகையை அன்றாடம் சில்லறையாக வாங்காது, மாதம் ஒருமுறை பட்டியலிட்டு வாங்கினோம். மாதத்தவணையில் எப்பொருளும் வாங்குவதில்லை என்று உறுதி பூண்டோம். சம்பள நாளன்று சேமிப்பை முதலில் எடுத்து வைத்து, எஞ்சியதிலே குடும்பம் நடத்தினோம். செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம் என்பவருக்கு என்றுமே மிஞ்சாது!

2024-இல் கடைசித் தவணையும் முடிந்தது. சங்கிலி அதற்கு முன்பே வீடு திரும்பியிருந்தது. 2025-இல் மகளைக் கல்லூரியில் சேர்க்கச் சென்றபோது, கேட்ட கட்டணத்தை எவரிடமும் கை நீட்டாமல் செலுத்தினோம். இன்று நேர்த்தெருவிலேயே நடந்து பணிக்குச் செல்கிறோம். சிக்கனத்தின் முதற்பயன் யாது என்று எவரேனும் கேட்டால், தலை நிமிர்ந்து நேர்வழி நடப்பதே என்போம்.

அரசுப் பணியாளருக்கு இன்னொரு பயனும் உண்டு. கடன் மிகுந்தவனின் கை, வேண்டாத இடத்தில் நீளும். இதனை நன்குணர்ந்தே, 1966-ஆம் ஆண்டின் இருப்புப்பாதைப் பணியாளர் நடத்தை விதிகள், ஓயாத கடனாளியாகாதவாறு ஊழியர் தம் சொந்த விவகாரங்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்று பணிக்கின்றன. நேர்மைக்குச் சிக்கனமே வேலி.

முதுமையையும் எண்ண வேண்டும். 2004 ஜனவரி முதல் நாளுக்குப் பின் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதிய முறை இல்லை. எங்கள் ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்குப் பத்து, ஓய்வூதிய நிதிக்குச் செல்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்துகொள்ளவும் வழி பிறந்தது. அதிலும் 25 ஆண்டுப் பணி முடித்தவருக்கு, கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதியே உறுதி. முழுச் சம்பளத்தில் வாழத் தெரியாதவர், பாதியில் எங்ஙனம் வாழ்வார்?

சேமித்ததை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். அதிக வட்டி என்ற சொல் கேட்டு ஓடக் கூடாது. சென்னையில் புகழ்பெற்று விளங்கிய ஆர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22 அன்று முறிந்தபோது, அதை நம்பிப் பணம் போட்ட எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதன் தலைவர் சிறை சென்றார். போன பணமோ முழுதும் திரும்பவில்லை. அத்துயரிலிருந்து பாடம் கற்று, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று 1907-இல் தோற்றுவித்ததே இந்தியன் வங்கி. அதற்கு முன்பே, 1904 அக்டோபரில், நம் காஞ்சிபுரத்தில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. ஏழைக்கும் இடம் தரும் அஞ்சலகச் சேமிப்பு வங்கியோ 1882-ஆம் ஆண்டிலிருந்து நாடெங்கும் நடக்கிறது. பத்து வயது நிறைந்த சிறுவரும் அங்குத் தம் பெயரிலேயே கணக்கு வைத்து நடத்தலாம். 1968-இல் வந்த பொது வைப்பு நிதியும், பெண் குழந்தைகளுக்கென 2015-இல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டமும் நம்போன்றோர்க்கு ஏற்றவை.

சிக்கனம் என்றதும் கருமித்தனம் என்று நகைப்பார் சிலர். இரண்டும் வேறு. கருமி தானும் உண்ணான், பிறர்க்கும் ஈயான். சிக்கனம் உள்ளவனோ வீணைத் தவிர்ப்பதால் ஈயும் ஆற்றல் பெறுகிறான். திருமலையில் 1985-இல் தொடங்கிய அன்னதானத்தைப் பாருங்கள். அன்பர் அளித்த நன்கொடைகளை வங்கியில் வைப்பாக வைத்து, அதன் வட்டியைக் கொண்டு அன்னமிடுகின்றனர். எங்கள் வீட்டில் சோற்றை உண்டதும் வட்டிதான். அங்கே பசித்தவர்க்குச் சோறாவதும் வட்டிதான். கடனில் பிறந்த வட்டி நம்மை உண்ணும். சேமிப்பில் பிறந்த வட்டி நமக்கு உணவாகும்.

முடிக்குமுன் சங்கத்தாருக்கு இரு வேண்டுகோள். நாம் பிறந்த மண்ணைவிட்டு வந்தவர்கள். ஆபத்தென்றால் ஓடிவர ஊரில் உள்ள பங்காளிக்கு ஒரு நாளாகும். அண்டை வீட்டாருக்கு ஒரு நொடி போதும். ஆதலின், ஒன்று: சங்கத்தின் பெயரில் சமையற் பாத்திரங்களும் சமுக்காளங்களும் வாங்கி வைப்போம். காதணி, வளைகாப்பு முதலியவற்றை மண்டபம் தேடாது சங்கக் கூடத்திலேயே எளிமையாக நடத்துவோம். இரண்டு: முந்நூறு இலை போட்டவரை மெச்சுவதையும், முப்பது இலை போட்டவரை இகழ்வதையும் இன்றோடு நிறுத்துவோம். நால்வர் மெச்ச வேண்டும் என்றே நாங்கள் கடன்பட்டோம். அந்த நால்வர் நாமேயன்றோ? நம் வாய் அடங்கினால் அடுத்த வீட்டுக் கடன் குறையும்.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது நம் முன்னோர் மொழி. இன்றிரவு இல்லம் சென்றதும், ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு குறிப்பேடு எடுத்து, முதல் வரியில் இன்றைய செலவை எழுதுங்கள். பெருமானின் வீட்டில் இருந்தது போல, நம் வீட்டிலும் ஒரு மரக்கால் இருக்கட்டும்.