புழுவின் தலையை அளந்து பார்த்து மருந்து தெளிப்போம்

(கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதி மக்காச்சோள உழவர்களிடையே ஆற்றிய உரை)

 

சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பக்கத்து மானாவாரி நிலங்களிலும், மேலே வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துச் சரிவுகளிலும் மக்காச்சோளம் பயிர் செய்யும் நீங்கள் எல்லோரும் படைப்புழுவை நன்கு அறிவீர்கள். அமெரிக்காக் கண்டத்தில் தோன்றிய இந்தப் புழு 2016ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவுக்கு வந்தது. 2018ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடக மாநிலம் சிவமொக்கா பகுதியில் நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் புகுந்துவிட்டது. இனி இது நம்மை விட்டுப் போகாது. இதனோடு வாழ்ந்துகொண்டே விளைச்சலைக் காக்க வேண்டியதுதான்.

'மருந்து அடித்தேன், புழு சாகவில்லை' என்று உழவர்கள் பலர் சொல்வதைக் கேட்கிறோம். மருந்து சரியில்லை என்பதைவிட, மருந்து அடித்த நாள் சரியில்லை என்பதே பல இடங்களில் காரணமாக இருக்கிறது. அந்த நாளை அறிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. புழுவின் தலையை அளப்பதே அது. அதற்கு உதவும் அளவு நுண்ணோக்கியை எப்படி அமைப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

தலையை ஏன் அளக்க வேண்டும்?

படைப்புழு முட்டையிலிருந்து வெளிவந்து கூட்டுப்புழுவாகும் வரை ஐந்து முறை தோலுரிக்கும். ஆகவே அதற்கு ஆறு நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் தலை ஓட்டின் அகலமும், அந்த நிலையில் புழு தின்னும் இலையின் அளவும் சுமாராகப் பின்வருமாறு இருக்கும். புழு தன் வாழ்நாளில் தின்பதை 100 பங்காக வைத்துக் கொள்ளுங்கள்.

முதல் நிலை: தலை அகலம் 0.35 மி.மீ.; தின்பது 0.1 பங்கு.
இரண்டாம் நிலை: 0.45 மி.மீ.; 0.6 பங்கு.
மூன்றாம் நிலை: 0.75 மி.மீ.; 1.1 பங்கு.
நான்காம் நிலை: 1.3 மி.மீ.; 4.7 பங்கு.
ஐந்தாம் நிலை: 2.0 மி.மீ.; 16.3 பங்கு.
ஆறாம் நிலை: 2.6 மி.மீ.; 77.2 பங்கு.

இந்தக் கணக்கை ஊன்றிக் கவனியுங்கள். முதல் மூன்று நிலைகளும் சேர்ந்து தின்பது 100இல் 2 பங்குகூட இல்லை. கடைசி இரண்டு நிலைகள் தின்பது 93 பங்குக்கு மேல். வயலில் சேதம் கண்ணில் அறையும்போது புழு பெரும்பாலும் கடைசி நிலைகளுக்கு வந்துவிட்டிருக்கும். அப்போது அது குருத்தின் அடியில், தன் எச்சமே மேலே அடைப்பாகக் கிடக்க, உள்ளே இருக்கும். தெளிக்கும் மருந்து அதன் மேல் படாது. பட்டாலும், உடல் பெருத்த புழு எளிதில் சாகாது. மூன்றாம் நிலை முடிவதற்குள் பிடித்தால்தான் செலவிட்ட காசுக்குப் பலன் கிடைக்கும்.

'புழுவின் நீளத்தைப் பார்த்தால் போதாதா?' என்று கேட்கலாம். புழுவின் உடல் மென்மையானது. தின்றால் நீளும், பட்டினி கிடந்தால் சுருங்கும். தலை ஓடு அப்படியன்று, அது கடினமானது. ஒருமுறை தோலுரித்தபின் அடுத்த முறை உரிக்கும் வரை அதன் அகலம் மாறாது. உரிக்கும்போது மட்டும் ஒரு படி தாண்டி அகலமாகும். இந்த வளர்ச்சி ஒழுங்கைப் பற்றி டயர் என்ற அமெரிக்கப் பூச்சியியலார் 1890ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்.

'முட்டை பொரித்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு வரலாமே?' என்றும் கேட்கலாம். 25 டிகிரி வெப்பத்தில் முதல் மூன்று நிலைகளும் முடிய ஏறக்குறைய ஆறரை நாள் ஆகும். புழுப் பருவம் முழுவதும் சுமார் 14 நாள். ஆனால் குளிர்ந்த காலத்தில் இதே புழுப் பருவம் 30 நாள் வரை நீளும். சின்னசேலத்து வெயிலும் வெள்ளிமலைக் குளிரும் ஒன்றல்ல. கீழ்நாட்டு உழவர் சொல்லும் நாள் கணக்கு மலைக்குப் பொருந்தாது. தலை அகலமோ மலையிலும் சமவெளியிலும் ஒரே சேதியைச் சொல்லும். உணவைப் பொறுத்துச் சிறிது முன்பின் இருக்கலாம். நிலையைத் தெரிந்துகொள்ள அது தடையாகாது.

எந்த நுண்ணோக்கி?

பள்ளிக்கூடங்களில் பார்க்கும் நுண்ணோக்கியில் ஒளி கீழிருந்து பொருளை ஊடுருவி வரும். மெல்லிய வெங்காயத் தோலுக்கு அது போதும். புழுவின் உடல் வழியே ஒளி ஊடுருவாது. கீழிருந்து பார்த்தால் கருநிழலாகத்தான் தெரியும். ஆகவே மேலிருந்து ஒளியைப் பாய்ச்சி, பொருளின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியில் பார்க்கும் இருகண் நுண்ணோக்கி வேண்டும். 20 மடங்கு பெருக்கிக் காட்டினால் போதும். அதன் கண்ணருகு லென்சு ஒன்றில் நுண்ணிய கோடுகள் உள்ள கண்ணாடி அளவுகோல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக இதில் 100 பிரிவுகள் இருக்கும்.

தனி ஒருவர் இதை வாங்க வேண்டியதில்லை. ஓர் உழவர் குழுவுக்கு ஒன்று இருந்தால் பல ஊருக்குப் பயன்படும்.

அமைக்கும் முறை

1. ஆட்டம் இல்லாத மேசை மேல் வையுங்கள். நேர் வெயில் விழும் இடம் வேண்டாம்.

2. மேடைத் தட்டின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. கரிய தலையுடைய புழுவுக்கு வெள்ளைப் பக்கமும், வெளிர் நிற முட்டைக் குவியலுக்குக் கறுப்புப் பக்கமும் மேலே இருக்கட்டும்.

3. விளக்கை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அமையுங்கள். மின்சாரம் இல்லாத மலையூர்களில் மின்கல எல்.இ.டி. கைவிளக்கே போதும். தலை ஓடு பளபளப்பானது; ஒளி நேராகப் பட்டால் கண் கூசி விளிம்பு தெரியாது. விளக்கின் முன் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் ஒளி பரவி மென்மையாகும். மறுபக்கத்தில் இன்னொரு விளக்கோ வெள்ளை அட்டையோ வைத்தால் நிழல் விழாது. நிழலைத் தலையின் விளிம்பு என்று எண்ணி அளந்தால் கணக்குத் தவறும்.

4. இரு குழல்களையும் நகர்த்தி, இரு கண்ணுக்கும் ஒரே வட்டம் தெரியுமாறு சரிசெய்யுங்கள்.

5. அளவுகோல் உள்ள கண்ணருகு லென்சைத் திருகி, முதலில் கோடுகள் கூர்மையாகத் தெரியச் செய்யுங்கள். பிறகு அதே கண்ணால் பார்த்தபடி பக்கத் திருகைத் திருப்பிப் பொருளைத் தெளிவாக்குங்கள். கடைசியாக மற்றக் கண்ணுக்குரிய வளையத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள்.

6. தலையை இலேசாகப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கோடும் பொருளும் சேர்ந்தே நின்றால் அமைப்பு சரி. ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்தால் 5ஆம் படியைத் திரும்பச் செய்யுங்கள்.

ஒரு கோடு எத்தனை மில்லி மீட்டர்?

லென்சுக்குள் தெரியும் கோடுகள் மில்லி மீட்டர் அல்ல. அவை வெறும் பிரிவுகள். அவற்றின் மதிப்பை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். படிக்கல்லைச் சரிபார்க்காமல் தராசில் நிறுப்போமா? அதுபோலத்தான் இதுவும்.

நல்ல எஃகு அளவுகோல் ஒன்றை மேடை மேல் வையுங்கள். அதன் ஒரு கோட்டின் இடது விளிம்பு, கண்ணில் தெரியும் அளவுகோலின் சுழியத்தில் பொருந்தட்டும். 5 மில்லி மீட்டர் தள்ளி உள்ள கோட்டின் இடது விளிம்பு எந்தப் பிரிவில் நிற்கிறது என்று பாருங்கள். 96ஆம் பிரிவில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 5ஐ 96ஆல் வகுத்தால் ஒரு பிரிவின் மதிப்பு 0.052 மி.மீ. மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நலம்.

இந்த மதிப்பு அந்தப் பெருக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். பெருக்கத்தை மாற்றினால் மதிப்பும் மாறும். ஆகவே மதிப்பை ஒரு சீட்டில் எழுதி நுண்ணோக்கியின் தூணிலேயே ஒட்டி வையுங்கள்.

புழுவை அளத்தல்

வயலின் ஓரத்தில் மட்டும் நின்று புழு பிடிக்கக் கூடாது. வயலுக்குள் ஐந்து இடங்களில், இடத்துக்கு 20 செடி வீதம் 100 செடிகளைப் பாருங்கள். குருத்தைப் பிரித்துப் பார்த்து, பெரிது சிறிது என்று பொறுக்காமல், அகப்படும் முதல் 20 புழுக்களைச் சேருங்கள். ஒன்றையொன்று தின்னும் குணமுள்ள புழு இது. ஒரே டப்பாவில் உயிரோடு போட்டு வைத்தால் சிறியவை காணாமல் போகும். ஆகவே உடனே வெந்நீரில் போட்டு விடுங்கள். உடலும் நேராக நீளும்.

முதலில் அது படைப்புழுதானா என்று பாருங்கள். வளர்ந்த புழுவின் தலையில் தலைகீழான 'ஒய்' எழுத்துப் போன்ற வெண்கோடும், வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும்.

புழுவை வயிறு கீழாகப் படுக்க வைத்து, தலையின் மேல்பக்கம் நேராகத் தெரியும்படி ஊசியால் திருத்துங்கள். சாய்ந்து கிடந்தால் அகலம் குறைவாகத் தெரியும். வட்டத்தின் நடுவில் வைத்து, தலையின் மிக அகன்ற இடத்தை அளவுகோல் உள்ள கண்ணால் மட்டும் பார்த்து எண்ணுங்கள். 15 பிரிவு வந்தால் 0.052ஆல் பெருக்க 0.78 மி.மீ.; அது மூன்றாம் நிலை. 26 பிரிவு வந்தால் 1.35 மி.மீ.; நான்காம் நிலை. 39 வந்தால் 2.03 மி.மீ.; ஐந்தாம் நிலை.

அளந்த பின் என்ன செய்வது?

பெரும்பாலான தலைகள் முதல் இரண்டு நிலையில் இருந்தால் அசாடிராக்டின் 1500 பி.பி.எம். வேம்பு மருந்தை 10 லிட்டர் நீருக்கு 50 மி.லி. கலந்து தெளிக்கலாம். இரண்டு, மூன்றாம் நிலையில் மிகுந்திருந்து சேதமும் பரவிவந்தால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. 10 லிட்டருக்கு 4 கிராம், அல்லது குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. 10 லிட்டருக்கு 4 மி.லி. தெளிக்கலாம். காலையிலோ மாலையிலோ, கரைசல் குருத்துக்குள் இறங்குமாறு தெளிக்க வேண்டும். ஒரே மருந்தை அடுத்தடுத்துப் பயன்படுத்தக் கூடாது. தெளிக்குமுன் வேளாண் அலுவலரைக் கலந்து கொள்ளுங்கள். தட்டையை மாட்டுக்குப் போடுவோர் மருந்துச் சீட்டில் உள்ள காத்திருப்புக் காலத்தைக் கடைப்பிடியுங்கள்.

பெரும்பாலானவை 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் மருந்துக்குச் செலவிடாதீர்கள். அவை சில நாளில் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். கையால் பொறுக்கி அழிப்பதே அப்போது மேல். பிறகு இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி விழத் தொடங்குவதைக் கவனித்து, இலையில் உரோமம் போர்த்த முட்டைக் குவியலைத் தேடி நசுக்குங்கள். ஒரு குவியலில் 100 முதல் 200 முட்டைகள் இருக்கும். முட்டை பொரிக்க இரண்டு மூன்று நாளே ஆகும். அடுத்த தலைமுறையை முதல் வாரத்திலேயே பிடித்துவிடலாம்.

நுண்ணோக்கி இல்லாதவர்கள்

நுண்ணோக்கி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கணக்குப் பாடத்துக்குப் பிள்ளைகள் வாங்கும் மில்லி மீட்டர் கட்டத் தாளும், 10 மடங்கு பெருக்கும் கைலென்சும் போதும். புழுவின் தலையை ஒரு சிறு கட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மூன்றாம் நிலைத் தலை 0.75, நான்காம் நிலைத் தலை 1.3. இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்த 1 மில்லி மீட்டர் கட்டம். தலை கட்டத்துக்குள் அடங்கினால் மருந்துக்கு நேரம் இருக்கிறது. கட்டத்தைத் தாண்டினால் நேரம் கடந்துகொண்டிருக்கிறது.

கருவியைப் பேணுதல்

மலையில் மழைக்காலத்து ஈரம் லென்சில் பூசணம் பிடிக்க வைக்கும். வேலை முடிந்ததும் உறையிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையுடன் பெட்டியில் வையுங்கள். தூசியை ரப்பர் பந்தால் ஊதி அகற்றிய பிறகே லென்சுத் தாளால் மெல்லத் துடைக்க வேண்டும். வேட்டி முனையால் துடைத்தால் கீறல் விழும். அதைப் போக்க முடியாது.

மலையில் மரவள்ளி பயிரிடுவோருக்கும் இந்தக் கருவி உதவும். 2020ஆம் ஆண்டு கேரளத்தில் கண்டறியப்பட்டுப் பின் தமிழ்நாட்டுக்கும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சியை அழிக்க, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வருவித்த அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவி, 2022ஆம் ஆண்டு சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. ஒட்டுண்ணி குடியேறிய மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பாகக் காய்ந்து கிடக்கும்; குளவி வெளியேறிய துளை மேல்ஒளியில் தெளிவாகத் தெரியும். அத்தகைய பூச்சிகள் மிகுந்திருந்தால் மருந்து தெளித்து நண்பனைக் கொன்றுவிட வேண்டாம்.

உழவர் பெருமக்களே! அடுத்த பட்டத்தில் விதை முளைத்த இரண்டாம் வாரத்திலிருந்து வாரம் இருமுறை வயலைச் சுற்றி வாருங்கள். கையில் ஒரு லென்சும் கட்டத் தாளும் இருக்கட்டும். அளந்து பார்த்துத் தெளித்தால் மருந்தும் மிச்சம், கூலியும் மிச்சம், விளைச்சலும் மிஞ்சும்.