செப்பனிடாத சுவரும் பறிபோகும் நிலமும்

(பெங்களூரு தமிழ்த் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடியிருப்புப் பிரச்சினை என்றதும் பட்டா, வாடகை, வெளியேற்றம் ஆகியவற்றைப் பேசுகிறோம். ஒழுகும் கூரை, அடைபட்ட கழிவுநீர்க் குழாய், காரை உதிர்ந்து கம்பி தெரியும் தூண், ஓடாத லிஃப்ட் ஆகியவற்றைச் சில்லறை விவகாரங்கள் என ஒதுக்கிவிடுகிறோம். பதில் சொல்லாத நிர்வாகத்தோடு மல்லுக்கட்டுவது கட்சியின் வேலையா என்று கேட்கும் தோழர்களும் உண்டு. இதற்கான விடை நமது நகரிலேயே இருக்கிறது.

கோரமங்களாவை ஒட்டிய ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கென 15.64 ஏக்கர் நிலத்தில் 42 கட்டடங்களில் 1,512 வீடுகள் கட்டப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் அங்கே குடியேறியவர்களில் தலித் மக்களும், தமிழ் பேசும் உழைப்பாளர்களும் கணிசமானோர். தரமற்ற கட்டுமானம், தொடர்ந்த பராமரிப்பும் இல்லை. 2003இலும் 2007இலும் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. எஞ்சியவை பாதுகாப்பற்றவை எனத் தரைமட்டமாக்கப்பட்டன. மக்கள் அதே இடத்தில் தகரக் கொட்டகைகளில் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வீடு கட்டித் தர வேண்டிய மாநகராட்சியோ, பொது–தனியார் கூட்டு என்ற பெயரில் ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. நிலத்தில் ஏறத்தாழப் பாதி வணிக வளாகத்துக்கு என்றானது. 2013 ஜனவரியில், காவல்துறையினர் சூழ்ந்து நிற்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் கொட்டகைகள் இடித்துத் தள்ளப்பட்டன.

யாரோ திட்டமிட்டுச் சுவரைச் சாய்த்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சுவர் சாய்ந்ததால் இழந்தவர் யார், ஆதாயம் அடைந்தவர் யார் என்று கேட்கிறேன். நிலத்தின் விலை ஏறும் நகரில், ஏழைகளின் கட்டடத்தைச் செப்பனிடுவது நிர்வாகத்துக்கு வெறும் செலவு. அது இடிந்துவிட்டாலோ நிலம் வெற்றிடமாகக் கைக்கு வருகிறது. ஆகவே அதிகாரியின் மெத்தனத்தை அவருடைய தனிக்குணமாக மட்டும் பார்த்தால் போதாது. அந்த மெத்தனத்துக்குச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது.

ஈஜிபுரா தனி நிகழ்வன்று. சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று அரசுக் குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்தன. விரிசலைக் கண்டு மக்கள் முன்னதாகவே வெளியேறியதால்தான் உயிர்கள் தப்பின. லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில், தீ ஆபத்து குறித்துக் குடியிருப்போர் பல ஆண்டுகள் எச்சரித்தும் நிர்வாகம் செவிசாய்க்கவில்லை. 2017 ஜூன் 14 அன்று மூண்ட தீயில் 72 பேர் மாண்டனர். பணக்கார நாட்டின் பணக்கார வட்டாரத்திலும் ஏழையின் முறையீடு கோப்பிலேயே உறங்கியது.

சட்டம் முற்றிலும் நமக்கு எதிராக இல்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளைக் கட்டுநர் 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கும் வழி உண்டு. வீட்டு உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்பு கொடுத்தும் உரிய காலத்தில் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. அரசுக் குடியிருப்பாயின், பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, கடைசியாகக் கட்டட உறுதியைச் சோதித்தது எப்போது என்பவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்கலாம்.

எனினும், தனி ஒருவர் நீட்டும் மனுவை நிர்வாகம் எளிதில் மறந்துவிடும். ஆகவே சில வேலைகளை நாம் ஏற்க வேண்டும். வீடுவீடாகச் சென்று பழுதுகளைத் தேதியிட்ட படங்களோடு பதிவு செய்யுங்கள். முறையீடு எழுத்தில் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோ கையொப்பமோ இல்லாமல் திரும்பாதீர்கள். ஒரு கட்டடத்தின் எல்லாக் குடும்பங்களும் ஒரே மனுவில் கையெழுத்திடச் செய்யுங்கள். வாடகைக்கு இருப்போரை விட்டுவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். அலுவலக அறிவிப்புகள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வருகின்றன. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்மார்கள் அவற்றின் பொருள் அறியாமலே கையெழுத்திடும் நிலை கூடாது. ஒவ்வோர் அறிவிப்பையும் அன்றே தமிழாக்கி, கட்டட வாசலில் ஒட்டுவது நமது பொறுப்பு. அதேபோல நமது மனு கன்னடத்தில் செல்லட்டும். கன்னடம், உருது, தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். ஒழுகும் கூரை எந்த மொழியினரையும் விட்டுவைப்பதில்லை.

இறுதியாக, கட்டடம் ஆபத்தானது, காலி செய்யுங்கள் என்று எவரேனும் வந்தால், உயிரைப் பணயம் வைத்து உள்ளே இருக்கச் சொல்லாதீர்கள். ஆனால் எத்தனை குடும்பங்கள், எவ்வளவு காலத்துக்கு, இடைக்காலத்தில் எங்கே தங்குவது, அதே நிலத்தில் திரும்ப வீடு கிடைப்பது எப்போது என்பவற்றை, குடும்பங்களின் பெயர்ப் பட்டியலோடு எழுத்தில் பெறுங்கள். ஈஜிபுரா மக்கள் தகரக் கொட்டகையில் காத்திருந்து, பிறகு தெருவில் நின்று கற்றுத்தந்த பாடம் அது. இன்று காரை உதிரும் ஒவ்வொரு குடியிருப்பிலும் அதைக் கொண்டு சேர்ப்போம்.